கோவிந்தராசுவின் இரண்டு கணக்குகள்

நீடாமங்கலம் பக்கம் ஓர் அரிசி மில்லுக்கு பிஎச்பி என்ற நிரல்மொழியில் நெல் கொள்முதல் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். வண்டி எடைமேடையில் ஏறும், விவசாயியின் பெயரும் எடையும் பதிவாகும், சீட்டு அச்சாகி வரும். கும்பகோணத்தில் என் மேசையில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. ஆனால் சோதனைக்கு நான் அடித்த பெயர்கள் ரவி, மணி, குமார்.

குறுவை அறுவடை தொடங்கிய முதல் வாரமே ஒரு பெரியவர் சீட்டை நீட்டினார். "தம்பி, இதுல என் பேரு பாதிதானே இருக்கு?" அவர் பெயரைக் கோவிந்தராசு என்று வைத்துக்கொள்வோம். சீட்டில் 'கோவிந்' மட்டும் நின்றது, அதன் பின்னால் ஒரு கேள்விக்குறி.

சீட்டில் இடம் போதாது என்று, சொல்லை வெட்டித் தரும் சப்ஸ்டர் கட்டளையைப் போட்டு 20-இல் வெட்டியிருந்தேன். சப்ஸ்டர் எண்ணுவது எழுத்தை அல்ல, கணினி அதைச் சேமிக்கும் பைட்டை. எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் க-வும் 3 பைட், அதன்மேல் ஏறும் ஓகாரக் குறியும் 3 பைட். அந்தப் பெயர் மொத்தம் 33 பைட். சரி என்று எம்பி_சப்ஸ்டருக்கு மாற்றினேன். அது யூனிகோடு குறிகளை எண்ணும்; அதற்கு க ஒரு குறி, ஓகாரம் இன்னொன்று, புள்ளியும் தனி. அதன் கணக்கில் இந்தப் பெயர் 11. பத்தில் வெட்டினால் 'கோவிந்தராச', ஐந்தில் வெட்டினால் புள்ளி போய் 'கோவிந'. பள்ளியில் நாம் எண்ணக் கற்ற அந்த 6 எழுத்தை எண்ணுவது கிராஃபீம்_சப்ஸ்டர்தான். அதற்கு சர்வரில் பிஎச்பியோடு இன்ட்ல் என்ற எக்ஸ்டென்ஷனும் இருக்க வேண்டும்; வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே அதைப் பார்த்துவிடுங்கள்.

பெயர் சரியானதும் வேறொன்று கிளம்பியது. அதே பெரியவர் ஆனியில் விதைநெல்லுக்கு அட்வான்ஸ் வாங்கியிருந்தார், ஆனால் அவர் சீட்டில் பற்று பூஜ்ஜியம் என்று வந்தது. கணக்குப்பிள்ளை தேடித் தேடிப் பார்த்ததில் கோவிந்தராசு இரண்டு பேர் இருந்தார்கள். ஊர் ஒன்று, அப்பா பெயர் ஒன்று. திரையில் வைத்து ஓர் இரவு முழுக்க உற்றுப் பார்த்தும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. கடைசியில் இரண்டு பெயரையும், பைட்டுகளை அப்படியே காட்டும் பின்2ஹெக்ஸ் போட்டு அச்சடித்தேன். மில்லின் பழைய பேரேட்டைப் பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிக் கொண்டுவந்தபோது 'கோ'வின் குறி கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாக வந்திருந்தது. புதிதாக அடித்ததில் அது ஒரே குறி. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. எங்கள் டேபிளின் கொலேஷன், அதாவது சொற்களை ஒப்பிடும் விதி, குறியின் எண்ணையே ஒப்பிடும் '_bin' வகை, அதனால் அதற்கு இரண்டும் வேறு.

மருந்து சிறியதுதான். படிவத்திலிருந்து வரும் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும் சேமிக்கும் முன் நார்மலைசர் வழியாக, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவுக்குக் கொண்டுவர வேண்டும். தேடும் பெட்டியில் அடிப்பதையும் அப்படியே. பழைய பதிவுகளுக்கு ஒரு முறை ஓடும் ஸ்கிரிப்ட் எழுதினேன். இணைக்க வேண்டிய கணக்குகளைத் தானாக இணைக்க விடவில்லை. பட்டியலெடுத்துக் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்து, அவர் சரி என்றதை மட்டும் இணைத்தேன். பணம் சேர்ந்த விஷயத்தில் இதில் நான் பிடிவாதம்.

அப்புறம் மின்சாரம். ஐப்பசி மழை நெருங்கும்போது களத்தில் அவசரம், கரண்டும் நினைத்தபோது போகும். ஒரு மாலை எடை பதிவானது, இருப்பு ஏறவில்லை. இரண்டும் சேர்ந்து பதிவாக வேண்டும், இல்லையென்றால் எதுவும் வேண்டாம் என்பதுதான் டிரான்சாக்ஷன்; அதற்காகத் தரவுத்தளத்தோடு பேசும் பிடிஓவில் பிகின்டிரான்சாக்ஷன், கமிட், ரோல்பேக் எல்லாம் எழுதித்தான் வைத்திருந்தேன். ஆனால் பழைய டேபிள்களின் சேமிப்பு எஞ்சின் மைஐசாம் வகை. அதற்கு டிரான்சாக்ஷன் தெரியாது, தெரியாது என்று பிழையும் சொல்லாது. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் 5.5 பதிப்புக்கு முன்பு உருவான டேபிள்கள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். இன்னொருவர் விட்டுப்போன தரவுத்தளம் கைக்கு வந்தால் ஷோ டேபிள் ஸ்டேட்டஸ் போட்டு எஞ்சின் என்ன என்று பாருங்கள், டிரான்சாக்ஷன் தெரிந்த இன்னோடிபிக்கு மாற்றுங்கள். எடைக்கும் தொகைக்கும் எண்ணைத் தோராயமாக வைக்கும் ஃப்ளோட் வேண்டாம், துல்லியமாக வைக்கும் டெசிமல்.



இப்போது எந்தப் புது டேபிள் போட்டாலும் ரவி, மணி, குமார் கிடையாது. முதல் வரியில் ஒரே 'கோ'வோடு கோவிந்தராசு, அடுத்த வரியில் கொம்பும் காலும் பிரிந்த கோவிந்தராசு. இரண்டாவதும் அதே பெயர்தான் என்று டேபிள் ஏற்க மறுத்த பிறகுதான் மற்ற வேலை.