முயற்சியே குற்றம்: போல்சொனாரோ வழக்கு நின்றது, டிரம்ப் வழக்கு கரைந்தது

2025 செப்டம்பர் 11 அன்று பிரேசில் உச்ச நீதிமன்றத்தின் முதல் அமர்வு, முன்னாள் அதிபர் ஜெயிர் போல்சொனாரோவுக்கு 27 ஆண்டு 3 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. 2022 தேர்தலில் தோற்ற பிறகும் நாற்காலியை விடாமல் இருக்கச் சதி செய்தார் என்பது வழக்கு. ஏறக்குறைய இதே புகாரோடு அமெரிக்காவில் டிரம்ப் மீது பதிவான வழக்கு சாட்சி விசாரணைக்கே வராமல் 2024 நவம்பர் 25 அன்று தள்ளுபடியானது. பிரேசில் நீதிபதிகளுக்குத் துணிச்சல் அதிகம் என்று பலர் இதற்குக் காரணம் சொல்கிறார்கள். துணிச்சல் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்த வழக்கைத் தாங்கிப் பிடித்தவை சட்டப்பிரிவும் காலண்டரும்தான்.

முதலில் சட்டப்பிரிவு. ராணுவ ஆட்சிக் காலத்து தேசியப் பாதுகாப்புச் சட்டத்தை 2021இல் பிரேசில் தூக்கிப் போட்டது. அதற்குப் பதிலாக 14.197 எண் கொண்ட சட்டத்தின் வழியே தண்டனைச் சட்டத்தில் புதிய பிரிவுகளைச் சேர்த்தது. 359-எல்: வன்முறையாலோ கடும் மிரட்டலாலோ ஜனநாயக ஆட்சிமுறையை ஒழிக்க முயல்வது, 4 முதல் 8 ஆண்டு. 359-எம்: முறைப்படி அமைந்த அரசைக் கவிழ்க்க முயல்வது, 4 முதல் 12 ஆண்டு. இரண்டிலும் 'முயல்வது' என்ற வினைதான் குற்றம். கவிழ்ப்பு பலித்துவிட்டால் வழக்குப் போட ஆள் இருக்காது என்பதைப் புரிந்துகொண்டு எழுதிய பிரிவுகள் இவை. இந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட்ட அதிபர் யார் தெரியுமா? போல்சொனாரோவேதான்.

அமெரிக்காவில் இப்படிக் கச்சிதமாகப் பொருந்தும் பிரிவு டிரம்ப் வழக்கை நடத்திய சிறப்பு வழக்கறிஞர் ஜாக் ஸ்மித்தின் கையில் இல்லை. கலகத்தைத் தூண்டியதற்கென்று ஒரு பழைய பிரிவு உண்டு, அதை அவர் தொடவில்லை. அரசை ஏமாற்றச் சதி என்ற பொதுப்பிரிவு, என்ரான் நிறுவனத்தின் கணக்கு மோசடிக்குப் பிறகு வந்த 'அரசு நடவடிக்கைக்கு இடையூறு' பிரிவு, வெள்ளை இனவெறிக் கும்பலான கூ க்ளக்ஸ் கிளானை அடக்க 1870இல் கொண்டுவந்த வாக்குரிமைப் பிரிவு ஆகியவற்றை ஒட்டுப்போட்டு நான்கு குற்றச்சாட்டுகள் வைத்தார். இடையூறுப் பிரிவின் வீச்சை 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் சுருக்கியது. இரவல் பிரிவில் எப்போதும் இருக்கும் ஆபத்து இது.

பிரிவு கச்சிதமாக இருந்தாலும் பிரேசிலில் வன்முறையோடு போல்சொனாரோவைக் கோத்துக் காட்டியாக வேண்டும். 2023 ஜனவரி 8 அன்று அவருடைய ஆதரவாளர் கும்பல் நாடாளுமன்றத்தையும் உச்ச நீதிமன்றத்தையும் அதிபர் மாளிகையையும் சூறையாடியபோது அவர் ஃபுளோரிடாவில் இருந்தார். அதனால் வழக்கு அந்த ஒரு நாளை நம்பி நிற்கவில்லை. முன்னாள் சட்ட அமைச்சர் ஆண்டர்சன் டோரெஸ் வீட்டுச் சோதனையில் சிக்கிய அவசரநிலை ஆணை வரைவு ஒன்று. தேர்தலில் வென்ற லூலாவையும் உச்ச நீதிமன்ற நீதிபதி மொராயெஸையும் கொல்லும் திட்டத்தை ஜெனரல் மாரியோ ஃபெர்னாண்டஸ் அதிபர் மாளிகை பிரிண்டரிலேயே அச்செடுத்தது ஒன்று. அதிபரின் உதவியாளராக இருந்து அப்ரூவராக மாறிய மௌரோ சித்தின் வாக்குமூலம் ஒன்று. ஆனால் எடை கூடியது தரைப்படை, விமானப்படைத் தளபதிகளின் சாட்சியம். வரைவை அதிபர் எங்களிடம் காட்டினார், நாங்கள் உடன்படவில்லை என்றார்கள் இருவரும். அப்ரூவர் பேச்சை மாற்றுவார் (சித் பலமுறை மாற்றினார்). மறுத்துவிட்டு வந்த தளபதியின் சாட்சியத்தை உடைப்பது கடினம்.

இப்போது காலண்டர். 2021 ஜனவரி 6 அன்று டிரம்ப் ஆதரவாளர்கள் அமெரிக்க நாடாளுமன்றத்தில் நடத்திய கலவரத்திலிருந்து டிரம்ப் மீதான குற்றச்சாட்டுக்கு ஏறத்தாழ 31 மாதம். பிரேசிலில் ஜனவரி 8 சூறையாடலிலிருந்து 25 மாதம். பெரிய வித்தியாசம் இல்லை. அதற்குப் பிறகுதான் பாதை பிரிகிறது. பிரேசிலில் வழக்கு நேராக உச்ச நீதிமன்றத்திலேயே நடந்ததால் நடுவில் மேலே ஓட இடமில்லை. 2025 பிப்ரவரி 18 அன்று குற்றச்சாட்டு, ஏழு மாதத்துக்குள் தீர்ப்பு. அமெரிக்காவில் 2024 மார்ச் 4 அன்று தொடங்க வேண்டிய விசாரணை, அதிபருக்கு விலக்கு உண்டா என்ற இடைக்கால மேல்முறையீட்டில் நின்றுபோனது. ஜூலை 1 அன்று 6–3 என்று வந்த தீர்ப்பு, நீதி அமைச்சக அதிகாரிகளிடம் டிரம்ப் பேசியதை வழக்கிலிருந்தே விலக்கியது. நம்மூர் பாஷையில் சொன்னால், வாய்தா வாங்கியே டிரம்ப் தேர்தலைத் தொட்டுவிட்டார்; வென்று அதிபராகப் போகிறவர் மீது வழக்கு நடத்த முடியாது என்று அது கைவிடப்பட்டது.

பிரேசிலுக்கு இன்னொரு தண்டவாளமும் இருந்தது. போல்சொனாரோ அதிபராக இருந்தபோது வெளிநாட்டுத் தூதர்களை மாளிகைக்கு அழைத்து வாக்கு இயந்திரத்தைப் பழித்துப் பேசியதற்காக, தேர்தல் நீதிமன்றம் 2023 ஜூன் 30 அன்றே 5–2 என்று அவரை 2030 வரை போட்டியிடத் தடுத்தது. சிறைத்தண்டனை இல்லை, அதனால் சீக்கிரம் முடிந்தது. கிரிமினல் வழக்கை இழுத்தடித்துத் தேர்தலில் தப்பிக்கும் வழி அன்றே அடைபட்டது. என் கணக்கில் மொத்தக் கதையின் அச்சாணி இதுதான்.

அதே நீதிமன்றத்தின் இன்னொரு வேலையும் ரசிக்கத்தக்கது. 2022 நவம்பரில் போல்சொனாரோவின் பி.எல். கட்சி, 2020க்கு முந்தைய மாடல் இயந்திரங்களில் அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்றில் பதிவான வாக்குகளைச் செல்லாது என்று அறிவிக்கக் கோரியது. முதல் சுற்றிலும் ஓடியது அதே இயந்திரங்கள்; அதில்தான் அந்தக் கட்சிக்கு 99 எம்.பி.க்கள் கிடைத்திருந்தார்கள். 24 மணி நேரத்தில் முதல் சுற்றையும் மனுவில் சேருங்கள் என்றார் அப்போது தேர்தல் நீதிமன்றத்துக்கும் தலைவராக இருந்த மொராயெஸ். சேர்க்கவில்லை. மனு தள்ளுபடி, கெட்ட நோக்கத்தோடு வழக்காடியதற்கு சுமார் 2.3 கோடி ரெயால் (பிரேசில் நாணயம்) அபராதம்.

பிரேசில் வழிக்கும் ஓட்டைகள் உண்டு. கொலைத் திட்டத்தின் இலக்கு என்று சொல்லப்படும் மொராயெஸே வழக்கை நடத்தும் நீதிபதி. பதவி போன பிறகும் உச்ச நீதிமன்றமே விசாரிக்கலாம் என்ற விதி விரிவாக்கம் வந்தது 2025 மார்ச்சில், குற்றச்சாட்டு தாக்கலான அடுத்த மாதம். ஐந்து நீதிபதிகளில் ஒரே ஆளாக விடுதலைக்கு வாக்களித்த லூயிஸ் ஃபூக்ஸ், பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் வாசித்த தீர்ப்பில், இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்றார். அதை அலட்சியமாக ஒதுக்கிவிட முடியாது. மேலே முறையிட வேறு நீதிமன்றம் இல்லாதது வேகத்தைக் கொடுத்தது, அதே காரணத்தால் சந்தேகத்தையும் விட்டுவைத்தது.

2025 நவம்பரில் கணுக்கால் கண்காணிப்புக் கருவியைச் சால்டரிங் அயர்னால் சூடு வைத்துப் பிடிபட்டார் போல்சொனாரோ. 25ஆம் தேதி தண்டனைக் காலம் ஓடத் தொடங்கியது. டிசம்பரில் அந்நாட்டுக் காங்கிரஸ் 359-எல், 359-எம் தண்டனைகளைக் கூட்டாமல் பெரியதையே அடிப்படையாக எடுக்கச் சொல்லும் மசோதாவை நிறைவேற்றியது. 2026 ஜனவரி 8 அன்று லூலா அதை வீட்டோ செய்தார். அதிபரின் வீட்டோவைத் தள்ளும் அதிகாரமும் காங்கிரஸுக்கு உண்டு.