காற்றுச் சுக்கானின் அதிர்வு: பினாங்கு நாட்குறிப்பு

ஜனவரி 11, 2025, சனி

தஞ்சோங் தொக்கோங்கிலிருந்து முக்கா ஹெட் பக்கம் ஓட்டம். வாடைக்காற்று 14 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்). பாய்மரப் படகு 34 அடி, டில்லர் (சுக்கானைத் திருப்பும் கைக்கோல்) வைத்தது. அமரத்தில், அதாவது படகின் பின்முனையில், தொங்குதுடுப்பு வகைக் காற்றுச் சுக்கான்: காற்றின் திசையை வைத்துப் படகைத் தானே ஓட்டும் கருவி. மேலே பிளைவுட் காற்றுத்தகடு, அதிலிருந்து இறங்கும் தள்ளுகம்பி, பெவல் கியர் (சாய்வுப் பற்சக்கரம்), தண்ணீருக்குள் துடுப்பு, துடுப்பின் ஆட்டத்தை டில்லருக்குக் கொண்டுபோகும் இரண்டு கயிறுகள்.

வேகம் 4.5 நாட்டைத் தாண்டியதும் பின்பக்கம் ரீங்காரம். வேகம் ஏற ஏற அதன் சுருதியும் ஏறுகிறது. இதைக் குறித்துக்கொள்வது முக்கியம். கழன்ற போல்ட் கடகடக்கும், ஆனால் வேகத்தோடு சேர்ந்து சுருதி ஏற்றாது. நீரோட்டத்தில் ஏதோ ஒன்று பாடுகிறது என்று பொருள்.

ஓடும்போதே ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தது இந்த வரிசையில்:
எஞ்சினை நிறுத்தி ரிவர்ஸ் கியரில் போட்டு, சும்மா சுழலும் உந்துவிசிறியை நிறுத்தினால், சத்தம் அப்படியே.
காற்றுத்தகட்டைக் கழற்றி வைத்தால், அப்படியே.
டில்லர் கயிறுகளை விடுவித்தால், கொஞ்சம் கூடுகிறது.
துடுப்பைத் தண்ணீரிலிருந்து தூக்கினால், சட்டென்று மௌனம்.

ஆக, மூலம் துடுப்பு. கயிறு விட்டபோது கூடியதால் எங்கோ தளர்வும் இருக்கிறது.

ஜனவரி 12, ஞாயிறு

மரீனாவில் கட்டிய நிலையில் தளர்வு சோதனை. துடுப்பின் நுனியைப் பிடித்து இடவலமாகவும் முன்பின்னாகவும் ஆட்ட, நுனியில் 9 மி.மீ. ஆட்டம். பேரிங்கிலிருந்து நுனி வரை 1.1 மீட்டர் என்பதால் பேரிங் இடத்தில் அது மிகச் சிறிய இடைவெளிதான். ஆனாலும் அதிர்வு வளர அது போதும்.

இரண்டு காரணங்கள் அகப்பட்டன. ஒன்று, கீழ் புஷ் (துடுப்பின் தண்டு சுழலும் உறை) நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறது. இரண்டு, அமரத்தில் சட்டத்தைப் பிடிக்கும் 8 போல்ட்டுகளில் 2 தளர்ந்திருக்கின்றன. உள்பக்கம் திறந்து பார்த்தால் அந்த இரண்டுக்கும் வெறும் வாஷர்தான், அழுத்தத்தைப் பரப்பும் பின்தகடு இல்லை. படகின் ஃபைபர் நசுங்கியிருக்கிறது. இந்த நிலையில் நட்டை இன்னும் முறுக்கினால் நசுக்கல்தான் கூடும். 6 மி.மீ. தடிமனில் பின்தகடு வைத்து, துளையைச் சீலன்ட்டால் அடைத்து, பிறகே இறுக்க வேண்டும்.

குழாய்களின் பற்றவைப்பு ஓரங்களையும் லென்ஸால் பார்த்தாயிற்று, வெடிப்பு இல்லை. மோதினால் உடையவென்றே வைத்த பலிக்குழாயின் வெட்டுப்பள்ளத்தை மறக்கவே கூடாது. நீண்டநாள் அதிர்வு முதலில் அங்கேதான் களைப்பு வெடிப்பைக் காட்டும். உடைந்தால் அதே தடிமனில்தான் மாற்ற வேண்டும். தடித்த குழாய் போட்டால் அடுத்த மரக்கட்டை மோதும்போது குழாய் பிழைக்கும், சட்டம் போகும்.

ஜனவரி 15, புதன்

புதிய புஷ் கடைசலுக்குக் கொடுக்கப்பட்டது. பொருள் அசெட்டால் என்னும் கடின பிளாஸ்டிக். நைலான் வேண்டாம்: தண்ணீர் குடித்து உப்பி, சில வாரங்களில் தண்டைக் கவ்விவிடும். 25 மி.மீ. தண்டுக்கு இடைவெளி 0.2 மி.மீ. இதற்கும் குறைத்து ‘ஆட்டமே இல்லாமல்’ செய்யும் ஆசை வரும். அடக்கிக்கொள்ள வேண்டும். உராய்வு கூடினால் 6 நாட் மென்காற்றில் தகடு சாய்ந்தும் துடுப்பு திரும்பாது, படகு பாம்பாக நெளியும். கிரீஸும் கூடாது. உப்பும் மணலும் அதில் ஒட்டி, அரைக்கும் பசையாகிவிடும். நல்ல தண்ணீர் கழுவலே போதும்.

துடுப்பைக் கழற்றிப் பார்த்ததும் பாட்டுக்கான விடை கண்முன்னே. பின்விளிம்பு 6 மி.மீ. தடிமனில் சதுரமாக நிற்கிறது. அப்படிப்பட்ட விளிம்புக்குப் பின்னால் நீர் இடமும் வலமும் மாறி மாறிச் சுழல்களாகக் கழன்று போகும். தோராயக் கணக்கு: 0.2 × வேகம் ÷ தடிமன். 5 நாட் என்றால் வினாடிக்கு 2.57 மீட்டர், அதை 0.2-ஆல் பெருக்கி 0.006-ஆல் வகுத்தால் வினாடிக்கு ஏறக்குறைய 86 அதிர்வு. காதில் விழுந்த அடித்தொண்டை ரீங்காரம் அதற்கு ஒத்துப்போகிறது. தண்டின் இயல்பதிர்வு அதற்குப் பக்கத்தில் இருந்தால் முழுச் சட்டமும் கூடவே பாடும்.

முன்விளிம்பில் கொட்டலசு (நீருக்குள் ஒட்டி வளரும் ஓட்டுயிர்) ஏழெட்டு. அவற்றையும் சுரண்டியாயிற்று. அவை தனியாகப் பாடாவிட்டாலும் ஓட்டத்தைக் கலைக்கும்.

ஜனவரி 18, சனி

விளிம்பு வேலை. கடைசி 40 மி.மீ. அகலத்தைச் சரிவாக இழைத்து, நுனியை 1.5 மி.மீ.க்குக் கொண்டுவந்து, ஒரு பக்கம் மட்டும் 30 பாகையில் சாய்வு வெட்டு. இரு பக்கமும் ஒரே மாதிரி உருட்டிவிடுவது தவறு. உருண்ட விளிம்பில் சுழல்கள் இருபுறமும் சமபலத்தோடு கழலும். ஒருபக்கச் சாய்வில் அவற்றின் நேரம் பிசகி, ஒன்றையொன்று குலைத்துக்கொள்ளும்.

இழைத்ததில் வெளித்தெரிந்த இழைகளுக்கு எபாக்ஸி பிசின் இரண்டு பூச்சு. இந்தச் சூட்டில் ஒரே குவளையில் நிறையக் கலக்கினால் தடவுமுன் கொதித்துக் கெட்டியாகும். 50 கிராம் போல, அகலத் தட்டில் பரப்பிக் கலக்க வேண்டும். ஈரக்காற்றில் மேலே மெழுகுபோல் படலம் படியும். அதைத் தண்ணீரில் கழுவிய பிறகே உப்புத்தாள்: 80, 120, 240.

முன்விளிம்பில் எதையும் சேர்க்கவில்லை. சுழல் அச்சுக்கு முன்னால் துடுப்புப் பரப்பில் சுமார் 20 சதவீதம்தான் இருக்கலாம். அது மிகுந்தால் துடுப்பு தானாகவே ஓரத்துக்குப் பாய்ந்து, திரும்பி, மறுபடி பாயும். பின்விளிம்பை அதிகம் இழைத்தாலும் இதே விளைவு.

ஜனவரி 25, சனி

அதே வழி, வாடை 16 நாட். 6.2 நாட் வரை ரீங்காரம் இல்லை. கைவைத்தால் குழாயில் மெல்லிய கிறுகிறுப்பு மட்டும்.

காற்று 20-ஐ எட்டியபோது வேறொன்று தெரிந்தது: காற்றுத்தகடு வினாடிக்கு இரண்டு முறை போலப் படபடக்கிறது. இது நீரின் வேலையில்லை, வேகம் மாறினாலும் மாறவில்லை. சிறிய தகட்டை மாட்டியதும் அடங்கியது. துடுப்பு–டில்லர் கயிற்றில் 25 மி.மீ. தொய்வு இருந்ததையும் எடுத்தாயிற்று. விரலால் அழுத்தினால் அசையும் அளவு இறுக்கம் போதும், அதற்கு மேல் கட்டினால் கப்பிகளில் உராய்வு.

காற்றுத்தகட்டை நிமிர்த்தும் எதிர்சுமையின் சோதனை காற்றில்லாத மரீனாவுக்குள்: தகட்டைச் சாய்த்து விட்டால் மெல்ல நிமிர வேண்டும், துள்ளக் கூடாது.

பிப்ரவரி 2, ஞாயிறு

போல்ட்டுகளுக்கு மீண்டும் ஒரு முறை ஸ்பேனர், இரண்டில் கால் சுற்று ஏறியது. புதிய பின்தகடு படிய இது இயல்பே. நுனி ஆட்டம் இப்போது 2 மி.மீ. எஞ்சினில் மரீனாவுக்குள் வரும்போது துடுப்பு மேலே: உந்துவிசிறியின் சுழல்நீர் நேரே அதில் அடித்து, புது புஷ்ஷை ஒரே நாளில் பழசாக்கும். கட்டிய நிலையிலும் தூக்கியே வைக்க வேண்டும். இங்குள்ள வெதுநீரில் பத்து நாளில் கொட்டலசு முளைவிட்டுவிடும், அதுவும் முதலில் அந்த மெல்லிய பின்விளிம்பில்தான்.