டுஷேவுக்கு ஓட வராது

2009 ஜூலை 8, புதன்
கோபெனிக் ஸ்டேஷனில் இறங்கிக் காட்டுப் பாதையில் நடந்தால் யூனியன் பெர்லின் கால்பந்து கிளப்பின் மைதானம். இன்று மறுதிறப்பு. பணமில்லாத கிளப் என்பதால் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ரசிகர்களே சிமென்ட் சுமந்து, 1,40,000 மணி நேரம் உழைத்துக் கட்டி முடித்திருக்கிறார்கள். பெர்லினின் இன்னொரு கிளப்பான ஹெர்த்தாவிடம் 3-5 தோல்வி, ஆனால் யாரும் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. கூட்டிப் போன நண்பனின் ஜெர்சியில் 17. யாரப்பா இது என்றேன். டுஷே, டார்ஸ்டன் மட்டுஷ்கா, உங்க ஊர்ப் பையன் யாரையாவது நினைச்சுக்கோ என்றான்.

2009 ஜூலை 11
டுஷேயைப் பற்றி விசாரித்தேன். கோட்புஸ் என்ற ஊர்க்காரர். 21 வயது வரை டிசென்ஷன் என்ற உள்ளூர் அணியில்தான் ஆட்டம். அந்த வயதில் மற்றவர்கள் அகாடமி முடித்து ஒப்பந்தம் போட்டிருப்பார்கள். 2002இல் அந்த ஊர் கிளப்பான எனர்ஜி கோட்புஸ் கூப்பிட்டது, 2005இல் யூனியனுக்கு வந்தார். அப்போது யூனியன் இருந்தது நான்காவது டிவிஷனில்! அங்கிருந்து ஒவ்வொரு படியாக ஏறி, இந்த வருஷம் புதிதாகத் தொடங்கிய மூன்றாவது லீகின் முதல் சாம்பியனாகி, அதற்கு மேலே உள்ள இரண்டாவது பண்டஸ்லீகாவுக்கு வந்திருக்கிறார்கள். மனுஷனுக்குத் தொப்பை வேறு. எனக்கு அப்போதே பிடித்துப்போனது, காரணம் சொல்ல வேண்டியதில்லை.

2011 பிப்ரவரி 5, சனி
தொண்டை போய்விட்டது. ஒலிம்பிக் ஸ்டேடியம், 74,000 பேருக்கு மேல். முதலில் ஹெர்த்தா கோல், பிறகு எங்கள் மொஸ்கேரா சமன் செய்தார், 71ஆவது நிமிடம் ஃப்ரீகிக். டுஷே நின்றார். அவர் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடக்கும்போதே எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த மாதிரி ஓர் அமைதி, அப்புறம் உள்ளே போனது. கோல்கீப்பரும் கொஞ்சம் சொதப்பினார், அதை இன்று பேச வேண்டாம். 2-1. வேகமில்லாத ஆள் என்று குறை சொல்கிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: பந்து வருவதற்கு முன்பே அடுத்து யாருக்குக் கொடுப்பதென்று அவர் முடிவு செய்துவிடுகிறார், அப்புறம் எதற்கு ஓட வேண்டும்?

2014 செப்டம்பர் 3
டுஷே யூனியனை விட்டுப் போய்விட்டார். புதுப் பயிற்சியாளர் வந்ததும் கேப்டன் பட்டை பறிபோனது, அப்போதே வாடை அடித்தது. ஒன்பது வருஷம் ஆடிய இடம். 33 வயதில் மறுபடி கோட்புஸ், அதுவும் மூன்றாவது லீகுக்கு இறங்கிய கோட்புஸ். நண்பன் போன் எடுக்கவில்லை.

2016 அக்டோபர், ஏதோ ஒரு ஞாயிறு
டுஷே இப்போது ஆல்ட்கிளீனிக்கே என்ற சின்ன கிளப்பில். ஐந்தாவது டிவிஷன். யூனியன் இருக்கும் அதே பெர்லின் மாவட்டம்தான், ஆனால் வேறு உலகம். வந்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணாவிட்டாலும் முயன்றால் எண்ணிவிடலாம். இன்னும் ஓடவில்லை. கையை நீட்டி நீட்டி மற்றவர்களை ஓட வைக்கிறார். எனக்குப் பக்கத்தில் நின்ற பெரியவர் பீரைக் கம்பியில் வைத்துவிட்டு ஒவ்வொரு ஃப்ரீகிக்குக்கும் நிமிர்ந்து நின்றார்.

2017 ஜூன் 20
ஆல்ட்கிளீனிக்கே நான்காவது டிவிஷனுக்கு ஏறிவிட்டது! கோட்புஸ் போன வருஷம் இறங்கியதும் அதே பிரிவுக்குத்தான். ஆக, வரும் சீசனில் டுஷே சொந்த ஊர் அணியை எதிர்த்து ஆட வேண்டியிருக்கும். நண்பனிடம் சொன்னேன். அலமாரியில் 17 இன்னும் இருக்கிறதாம், ஆனால் வயிற்றுப் பக்கம் இறுக்குகிறதாம்.