சம்ப் ஆழம் எவ்வளவு?

தங்கச்சி வீட்டுக்கு சம்ப், அதாவது தரைக்கடியில் தண்ணீர்த் தொட்டி, தோண்டப் போகிறார்கள். 12,000 லிட்டர் லாரித் தண்ணீர் முழுசாக இறங்க வேண்டும், அவள் கேட்டது அவ்வளவுதான். 10 அடி நீளம், 6 அடி அகலத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டாகிவிட்டது. ஆழம்தான் தெரிய வேண்டும்.

ஒரு கன அடி என்பது சுமார் 28.3 லிட்டர். அப்படியானால் 12,000 லிட்டர் 424 கன அடி. அதை நீளம் பெருக்கல் அகலமான 60ஆல் வகுத்தால் 7 அடிக்குக் கொஞ்சம் மேல். மேஸ்திரியும் "ஏழடி போதும்ண்ணே" என்றார்.

அப்புறம்தான் சுவர் ஞாபகம் வந்தது. கோடு போட்டது குழிக்கு. நாலு பக்கமும் 9 அங்குலச் சுவர் எழும்பினால் உள்ளே மிஞ்சுவது எட்டரைக்கு நாலரை அடி, அதாவது 38.25 சதுர அடி. ஏழடிக்கு 7,600 லிட்டர்கூட நிற்காது! லாரித் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தெருவில்தான் போகும். ஆழத்தை மட்டும் கூட்டிச் சரிக்கட்டலாம் என்றால் 11 அடி தோண்ட வேண்டும். குழந்தைகள் இருக்கிற வீடு, எனக்கு மனசு வரவில்லை.

இன்று காலை நூல் பிடித்து, கோட்டை நாலு பக்கமும் முக்கால் அடி வெளியே தள்ளிப் போட்டோம். மேலே ஓரடி காலி விட்டு, உள் ஆழம் 8 அடி.

வீடு கட்டுகிறவர்கள் தயவுசெய்து உள் அளவைக் கேளுங்கள்.