பேரரசி தியோபானு

இரண்டு நாளாக தியோபானுதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறார். 972-இல் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து ரோமுக்கு மணப்பெண்ணாக வந்தவர். மணமகன் புனித ரோமானியப் பேரரசர் இரண்டாம் ஓட்டோ. அந்தக் கல்யாணத்துக்கு எழுதிய சாசனம் இன்னமும் ஜெர்மனியின் வோல்ஃபென்பூட்டலில் இருக்கிறது. கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் நீளத் தோல் சுருள், ஊதா வண்ணம், வட்டங்களுக்குள் சண்டையிடும் விலங்குகள், அவற்றின் மேல் பொன் எழுத்து. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், கண்ணை எடுக்க முடியவில்லை.

983-இல் கணவர் போய்விட்டார். மகனுக்கு மூன்று வயது. கணவரின் உறவினரான பவேரியாவின் ஹென்றி குழந்தையைத் தன் பிடியில் வைத்துக்கொண்டு அரியணைக்கே உரிமை கொண்டாடினார். மைன்ஸ் பேராயர் வில்லிகிஸ் துணை நிற்க, மறு ஆண்டே பிள்ளையை மீட்டுவிட்டார் தியோபானு. அப்புறம் 991-இல் கண்மூடும்வரை மகனின் பெயரில் ஆட்சியை நடத்தியவர் அவர்தான். அதன் பிறகு பொறுப்பேற்றதும் ஒரு பெண்தான், மாமியார் அடெலைடு.

என்னை உலுக்கியது ஒரு சின்ன விஷயம். 990-இல் இத்தாலியில் அவர் வெளியிட்ட ஓர் ஆவணத்தில் 'பேரரசர் தெயோபானியுஸ்' என்று இருக்கிறது. பெயர், பட்டம் இரண்டிலும் ஆண்பால் விகுதி! எழுதியவரின் கைப்பிழையாக எனக்குத் தோன்றவில்லை. ஏனென்றால் அதிலேயே ஆட்சி ஆண்டு பதினெட்டு என்றும் இருக்கிறது. மகனின் கணக்கு இல்லை அது. 972-இல் அவர் தலையில் முடி ஏறிய நாளிலிருந்து எண்ணியது.