பேனா வைத்த புள்ளி

"ஜிமேட்டில் எவ்வளவு எடுத்தால் இடம் கிடைக்கும்?"

எம்பிஏ படிப்புக்கான விளக்கக் கூட்டத்தில், அதன் நுழைவுத் தேர்வான ஜிமேட்டைப் பற்றிக் கேட்க முன்வரிசைக்காரர் முந்திக்கொண்டார். நான் கேட்க இருந்ததும் அதேதான்.

சேர்க்கை அதிகாரி சிரித்தார். எத்தனை அரங்குகளில் கேட்டிருப்பாரோ! "திரையில் இருப்பது சராசரி. அதற்குக் கீழே எடுத்தவர்களும் இதே வகுப்பில்தான் இருக்கிறார்கள்."

இப்போதைய ஜிமேட்டில் 205 முதல் 805 வரை, எந்த மதிப்பெண்ணும் 5-இல்தான் முடியும். அந்தக் கடைசி 5 என் கனவிலும் வருகிறது. சரி, அதை விடுங்கள்.

அப்புறம் பழைய மாணவி ஒருவர் எங்களைக் கேட்டார்: "எம்பிஏ இல்லாமல் உங்களால் செய்யவே முடியாதது எது?"

கட்டணம், உதவித்தொகை, கடைசித் தேதி எல்லாம் என் நோட்டில் வரிசையாக இருந்தன. இந்தக் கேள்விக்கு எதிரே மட்டும் பேனா வைத்த புள்ளி, மை ஊறி ஊறிப் பெரிதாகிக்கொண்டே போனது.