போர் தின்றது போக மிஞ்சிய குழல்கள்

ஆர்ப் ஷ்னிட்கர் என்ற பெயரை ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் இசையைத் தேடிக் கேட்பவர்கள்கூட அதிகம் சொல்வதில்லை, அது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. 1648-இல் வட ஜெர்மனியில் ஒரு தச்சர் குடும்பத்தில் பிறந்தவர், நூற்றைம்பதுக்கும் மேல் ஆர்கன்கள், அதாவது குழல்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்கும் பெரிய தேவாலய இசைக்கருவிகள், செய்தவர்.

ஹாம்பர்க்கின் புனித யாகோபி தேவாலயத்தில் 1693-இல் அவர் முடித்த ஆர்கனில் கைக்கு நான்கு விசைப்பலகைகள், காலுக்கு ஒன்று, 60 ஸ்டாப்கள் (ஒரே வகை ஒலி தரும் குழல் வரிசையைத் திறக்கும் இழுப்பான்கள்), கிட்டத்தட்ட 4,000 குழல்கள். மிக நீளமான குழல் ஒன்பது மீட்டரைத் தாண்டும், மிகச் சிறியது பென்சிலைவிடக் குட்டி. அப்போது மின்சாரம் ஏது, துருத்தியை மிதிக்கத் தனியாக ஆட்கள் வேண்டும், அவர்கள் மிதித்தால்தான் குழலுக்குள் காற்றுப் போகும். எனக்கு மிகவும் பிடித்தது வேறு: முந்தைய தலைமுறைக்காரர்கள் செய்த பழைய குழல்களில் நல்லவற்றை அவர் தூக்கிப் போடாமல் புது ஆர்கனில் சேர்த்துக்கொண்டார்.

1720-இல் இங்கே ஆர்கன் வாசிக்கும் வேலைக்கு வர பாக் ஆர்வம் காட்டினார். சரி, கிடைத்ததா? இல்லை, தேவாலயத்துக்கு 4,000 மார்க் (அப்போதைய நாணயம்) கொடுத்த ஹைட்மன் என்பவருக்குப் போனது. ஷ்னிட்கர் அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார்.

அப்புறம் 1917-இல் முகப்பின் வெள்ளீயக் குழல்களைப் போருக்காக உருக்கினார்கள். இரண்டாம் போரில் மற்ற குழல்களைக் கழற்றிப் பத்திரப்படுத்தியிருந்ததால் அவை தப்பின, மரக்கூடு எரிந்துபோனது. யூர்கன் ஆரெண்ட் என்ற ஆர்கன் கைவினைஞர் பொறுமையாகச் சீரமைத்து 1993-இல், சரியாக 300 ஆண்டுகள் கழித்து, அதை மறுபடி ஒலிக்க வைத்தார். பதிவுகள் கிடைக்கின்றன, நல்ல ஹெட்போனில் கேளுங்கள்.